கயிறியல் துறையில் சேர்க்கை தொடங்கியது

எங்கள் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்தால்தான் அந்தக் காரம் வரும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. கொடிக்காலில் கால் வைத்தவனுக்கு அது பாட்டன் காலத்திலிருந்தே தெரியும். இருந்தாலும் முத்திரை விழுந்தால் ஒரு மவுசுதானே. அந்த உற்சாகத்தில் ஒரு யோசனை சொல்கிறேன். இன்னொரு சரக்குக்கும் நாம் விண்ணப்பம் போட்டுவிடலாம். அதுவும் இந்த ஆற்றங்கரையில்தான் தழைத்து வளர்கிறது. பள்ளிக்கூடப் பையனும் கல்லூரிப் பையனும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கலர் கயிறு. நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆள் யார், எந்தத் தெரு, யாரோடு சாப்பிடுவான், யாரை வெட்டுவான் என்பது வரை சொல்லிவிடலாம். ஆதார் அட்டைக்கு இவ்வளவு துப்பு கிடையாது.

கயிறு இப்போது வெறும் கயிறு இல்லை, படிப்பு. சேர்க்கைக்கு மார்க் கேட்பதில்லை. நீட் கிடையாது, கலந்தாய்வு கிடையாது. எந்த வீட்டில் பிறந்தாய் என்பது ஒன்றே தகுதி. ஆறாம் வகுப்பில் கயிறு கட்டுவார்கள். எட்டாம் வகுப்பில் பஸ்ஸில் எந்த சீட் யாருக்கு என்ற பாடம். பதினொன்றில் அரசாங்கம் தரும் விலையில்லா சைக்கிளுக்குச் சாதிக் கலரில் பெயிண்ட். கல்லூரி முதல் வருஷம் தலைவர் பிறந்தநாள் பிளெக்ஸில் தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ. இரண்டாம் வருஷம் வேன் கூரையில் ஏறி நின்று போகும் தகுதி. மூன்றாம் வருஷம் கையில் அரிவாளோடு ரீல்ஸ். பாசானவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே வேலைவாய்ப்பு உண்டு: சங்கத்தின் இளைஞரணி, கட்சியின் மாணவரணி, மணல்காரரின் அடியாள் படை. பட்டம் வாங்கிய எவனுக்கும் வேலை கிடைக்காத மாவட்டத்தில் நூறு சதவீத வேலைவாய்ப்பு தரும் ஒரே துறை இதுதான்.

வகுப்பறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலையில் தூத்துக்குடி - திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறுங்கள். கல்லூரி நேரம். கூட்டம் பிதுங்கும். பின்னால் மூன்று பேர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாகக் கிடக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். நான் ஒரு தடவை உட்காரப் போனேன். கண்டக்டர் பதறிவிட்டார்.

"அண்ணாச்சி, அதுல உக்காராதிய. அடுத்த ஸ்டாப்புல பையங்க ஏறுவானுவ."

"ஏறட்டுமேய்யா. சீட்டுல பேரா எழுதியிருக்கு?"

"எழுதல. எழுதுனா அழிச்சிரலாம்லா."

பி.எச்டி. வாங்கியவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த மனுஷன் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் பையன்கள் ஏறினார்கள். அரும்பு மீசை, ஒரே நிறக் கயிறு. என்னைப் பார்த்து மரியாதையாக, "தள்ளி நில்லுங்க தாத்தா" என்றார்கள். பண்பாடு கெட்டுப்போகவில்லை.

எழுதியதை அழிப்பதில் நம் அரசாங்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1995-ல் வீரசிகாமணியில் பள்ளி மாணவர்களுக்கும் பஸ் டிரைவருக்கும் நடந்த தகராறில் பிடித்த சாதித் தீ மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. அந்த வருஷம் ஆகஸ்ட் 31-ல் நம் மாவட்டத்துக் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் கிளம்பினார்கள், மறுபடி பிணங்கள் விழுந்தன. அரசு யோசித்து யோசித்து ஒரு மருந்து கண்டுபிடித்தது: பெயிண்ட். எல்லாத் தலைவர் பெயரையும் எல்லா பஸ்ஸிலிருந்தும் எல்லா மாவட்டத்திலிருந்தும் அழித்துவிட்டார்கள். கப்பல் விட்ட வ.உ.சி. பெயரில் இருந்த எங்கள் மாவட்டம் அப்போதுதான் வெறும் தூத்துக்குடி ஆயிற்று. வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டிச் செக்கிழுத்த மனுஷர், கடைசியில் பஸ் சண்டையில் பதவி இழந்தார். பெயர் போயிற்று. சீட் அப்படியே இருக்கிறது, கண்டக்டரைக் கேளுங்கள்.

செய்முறைத் தேர்வுகள் நடந்த விவரத்தையும் சொல்ல வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தலித் மாணவன், கூடப் படிக்கும் பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. நடந்ததைச் சொன்னான். அன்று ராத்திரியே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளிக்கூடத்துப் பையன்கள். புகார் சொன்னால் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பியதுதான் அந்தப் பிள்ளை செய்த ஒரே குற்றம். அந்தக் காயங்களோடு மீண்டு வந்து, பொதுத்தேர்வு எழுதி 600-க்கு 469 வாங்கினான். ஊர் மெச்சியது, அமைச்சர்கள் மெச்சினார்கள். எவ்வளவு வெட்டினாலும் பிழைத்து மார்க் வாங்குகிறார்கள் பாருங்கள் என்று நாம் பெருமைப்படத் தோதாக ஒரு கதை கிடைத்தது.

2025 மார்ச் 10, ஸ்ரீவைகுண்டம் பக்கம். எங்களூருக்கு ஆற்றின் மேல்பக்கம். பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவன் பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸை மறித்து, இறக்கி, வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாகி விழுந்தன. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் ஒட்டவைத்தார்கள். கபடியில் இவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இதே வட்டாரத்து மணத்தியிலிருந்து கிளம்பிப் போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கி வந்தவர் கணேசன். அவர் கதையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த படத்தை 2025 தீபாவளிக்குக் கைதட்டிப் பார்த்தோம். ஜப்பானில் ஜெயித்தால் மாலை, பக்கத்து ஊரில் ஜெயித்தால் அரிவாள். விளையாட்டில் தூரம் ரொம்ப முக்கியம்.

2025 ஜூலை 27, பாளையங்கோட்டை. ஏரல் பக்கத்து ஆறுமுகமங்கலத்துப் பையன், மென்பொருள் பொறியாளன், தாத்தாவைச் சித்த மருத்துவமனைக்குக் கூட்டிப் போன இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டான். குற்றம்சாட்டப்பட்டவன் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞன், அந்தப் பையனோடு பழகிய வேறு சாதிப் பெண்ணின் தம்பி. அவனைப் பெற்ற அம்மா, அப்பா இருவருமே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்கள். சட்டம் ஒழுங்கு இரட்டையாகக் குடியிருந்த வீடு. உடலை வாங்க மாட்டோம் என்று ஒரு குடும்பம் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தது. அந்த நாட்களில் போனைத் திறந்தால், குற்றம்சாட்டப்பட்டவனுக்குப் பாட்டுப் போட்டு, சிங்கம் புலி சேர்த்து ரீல்ஸ் ஓடியது. அதைப் போட்டவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வீடியோ எடுத்திருந்தார்கள்.

இதே வட்டாரத்துக் கொற்கையில் முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று ஈராயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு சொல்கிறது. அன்று கைதியை இறக்கி முத்தெடுத்தார்கள். நாம் முத்து முத்தாகப் பிள்ளைகளைப் பெற்றுக் கைதியாக்கிக் கொடுக்கிறோம்.

இதெல்லாம் நடக்கும்போது அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாணவர்கள் தீவிரவாதத்துக்குப் போய்விடக் கூடாது என்பதில் எல்லா அரசுகளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருந்தன. 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் மேல் பெயரில்லாத மொட்டைக் கடிதம் ஒன்று டெல்லிக்குப் போனது. டெல்லி அதை ஐஐடிக்கு அனுப்பியது, ஐஐடி அங்கீகாரத்தை ரத்து செய்தது. நாடே சிரித்ததும் ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். 2018 செப்டம்பரில் எங்கள் மாவட்டப் போலீஸே ஒரு தீவிரவாதியைப் பிடித்தது. கனடாவில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் பெண், அப்பா அம்மாவோடு தூத்துக்குடி விமானத்தில் வந்தவர், கூட வந்த பாஜக மாநிலத் தலைவரைப் பார்த்ததும் பாசிச ஆட்சி ஒழிக என்று கோஷம் போட்டார். கைது, ரிமாண்ட், மறுநாள் ஜாமீன். அந்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்ய 2023 ஆகஸ்ட் ஆயிற்று. அதாவது நாங்குநேரியில் அரிவாள் விழுந்த அதே மாதம். ஒரு கோஷத்தின் ஆபத்தை ஐந்து வருஷம் கண்காணித்த துறைக்கு, பஸ் ஸ்டாண்டில் ஐம்பது கயிறு தெரியவில்லை. வேலைப்பளு.

கயிற்றைக் கண்ணால் பார்த்த ஒரே அதிகாரி 2019-ல் இருந்தார். பள்ளிக்கல்வி இயக்குநர். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு கட்டிச் சாதி காட்டுகிறார்கள், மோதிரமும் நெற்றிப் பொட்டும்கூட அதற்குப் பயன்படுகின்றன, அத்தகைய பள்ளிகளைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள் என்று சுற்றறிக்கை விட்டார். பாஜகவின் எச். ராஜா கொதித்தார், இந்து மதத்தின் மேல் கை வைக்கிறார்கள் என்றார். இரண்டு வாரம் போவதற்குள் அப்போதைய பள்ளிக்கல்வி அமைச்சர் செங்கோட்டையன், தன் கவனத்துக்கு வராமல் போன சுற்றறிக்கை அது, பழைய நடைமுறையே தொடரும் என்று அறிவித்துவிட்டார். பழைய நடைமுறை தொடர்ந்தது. நாங்குநேரி வரை தொடர்ந்தது. மேலே பார்த்தீர்களே, அதுதான் தொடர்ந்த நடைமுறை.

பிறகு வேறு ஆட்சி. நாங்குநேரிக்குப் பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாகப் போட்டார்கள். 2024 ஜூன் 18-ல் அறுநூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், சைக்கிள் பெயிண்ட் தடை; பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது; அந்தந்தப் பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதிக்காரரைத் தலைமையாசிரியராகப் போடாமல் இருப்பது; எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி தொடங்கி உயர்கல்வி வரை எல்லா மாணவரையும் சேர்த்துக்கொள்ளும்படி, சாதிப் பாகுபாட்டை ஒழிக்கும்படி ஒரு தனிச் சட்டம். நியாயமாகக் கொஞ்சம் கூச்சமாவது வந்திருக்க வேண்டும். சென்னை மாநகராட்சிக் கூட்டத்தில் பாஜக கவுன்சிலர் ஒருவர் அந்த அறிக்கையைக் கிழித்தார். அவர் பரவாயில்லை, எதிர்ப்பதை வெளிப்படையாகச் செய்தார். கேட்டு வாங்கியவர்கள் அதைக் கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். தனிச் சட்டம் கேட்ட இடத்துக்கு, வகுப்பில் அகர வரிசைப்படி உட்காரவையுங்கள் என்று சுற்றறிக்கை போனது. 2025 ஜூலையில் ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று இருந்த 2,700-க்கு மேற்பட்ட விடுதிகளுக்கு ஒரே பெயர் வைத்தார்கள்: சமூகநீதி விடுதி. நல்ல பெயர். உள்ளே ஒரு விடுதிக்கும் இன்னொரு விடுதிக்கும் நடுவே இருந்த சுவர் அப்படியே இருக்கிறது. மறுபடியும் பெயிண்ட்தான் கை கொடுத்தது.

டெல்லிக் கதையும் இதே லட்சணம்தான். கல்லூரிகளில் பாகுபாட்டைத் தடுக்க யுஜிசி 2012-லேயே விதி போட்டது. அது பலகையில் தொங்கியது. ஹைதராபாத்திலும் மும்பையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு அம்மாக்கள், ரோஹித் வெமுலாவின் தாயும் பாயல் தாட்வியின் தாயும், 2019-ல் உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். 2026 ஜனவரி 13-ல் புது விதி வந்தது. எங்கள் பிள்ளைகள் மேல் பொய்ப்புகார் போட்டுவிடுவார்களே என்று சிலர் தெருவுக்கு வந்தார்கள். 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்து, 2012-ன் விதியே தொடரட்டும் என்றது. பெற்ற வயிறுகள் ஆறேழு வருஷம் காத்துப் பெற்ற விதிக்குப் பதினாறு நாள் ஆயுசு.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், எந்தக் கல்லூரியானாலும் இதேதான் நடந்திருக்கும். தலைப்பு: இளைஞர்களைத் தீவிரவாதத்திலிருந்து காப்பது. வெளியூரிலிருந்து நிபுணர் வந்திருந்தார். திரையில் அறிகுறிகளைப் போட்டு வாசித்தார். உடலில் புதிய அடையாளச் சின்னங்கள் தோன்றுதல். ஒரே கூட்டத்தோடு மட்டும் பழகுதல். அடுத்தவரை எதிரியாகப் பார்க்கும் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டல். இறந்துபோனவர்களை வழிபடுதல். ஆயுதத்தோடு படம் எடுத்துப் பரப்புதல். பெண்களுக்குக் காவல் போடுதல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடடா, எங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த படத்தைப் போட்டார். தாடி, தொப்பி. அதற்கடுத்த படமும் தாடி, தொப்பி. முடித்துவிட்டுப் பேராசிரியர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "காயல்பட்டினத்துப் பசங்க எத்தன பேர் படிக்கிறாங்க சார்?" என்றார். மைக் அணைந்திருக்கவில்லை. அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து வெளியே போனான். நோட்டை எடுக்க மறந்துவிட்டான்.

நிபுணருக்குப் பொன்னாடை போர்த்தியவன் மாணவர் பேரவைப் பொறுப்பாளன். கையில் மூன்று அடுக்குக் கயிறு, பொன்னாடை அதில் சிக்கிக்கொண்டது. அவனே சிரித்துக்கொண்டு விடுவித்தான். புகைப்படம் எடுத்தார்கள்.

இங்கிலாந்தில் இந்த மாதிரி அறிகுறி பார்த்துத் தடுப்பதைப் பல்கலைக்கழகங்களுக்குச் சட்டக் கடமையாகவே 2015-ல் ஆக்கினார்கள். அந்த வருஷம் ஸ்டாஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில், பயங்கரவாதம் பற்றிய முதுகலைப் பாடம் படிக்கும் மாணவர் நூலகத்தில் தன் பாடப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். முஸ்லிம் பெயர். சந்தேகப்பட்டு விசாரித்தார்கள், பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. நம் கல்லூரிகளில் அந்த ஆபத்து வராது. நூலகத்தில் ஆள் இருந்தால்தானே.

அடிக்கிறவன் கட்டும் கயிறும், அடி வாங்கியவன் எனக்கும் ஆள் இருக்கிறது என்று காட்டக் கட்டும் கயிறும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். "ரெண்டு பக்கமும் தப்புதான் அண்ணாச்சி" என்று டீக்கடையில் தராசு பிடிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: விரல் யாருடையது? அரிவாள் யாருடையது? அதற்குமேல் அவர்கள் டீ ஆறிப்போகும்.

ஆசிரியர்களை விட்டுவிட்டால் பாவம். 2022-ல் நம் மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவனிடம் போனில் சாதி விசாரித்து, பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குள் யார் வரக் கூடாது என்று பாடம் எடுத்தது ஒலிப்பதிவாக ஊரெல்லாம் கேட்டது. நடவடிக்கை எடுத்தார்கள். மாட்டிக்கொண்டது ஒரு குரல். மாட்டாத குரல்கள் வருகைப் பதிவேட்டோடு தினமும் வகுப்புக்குப் போகின்றன.

துறைத் தலைவர்களை இன்னும் சொல்லவில்லை. கயிறியலுக்குத் துறைத் தலைவர் சங்கத்துத் தலைவர்தான். எல்லாச் சாதியிலும் இருக்கிறார், எல்லாக் கட்சியும் அவருக்கு சீட் கொடுக்கும். மேடையில் ஏறினால் நம் பிள்ளைகள் புலிக்குட்டிகள் என்பார். வெட்டிவிட்டு உள்ளே போன புலிக்குட்டிக்கு ஒரு வாரம் போஸ்டர் ஒட்டுவார், வக்கீல் வைப்பதாகச் சொல்வார். மூன்றாவது வாய்தாவுக்குப் பையனின் அம்மா மட்டும்தான் கோர்ட்டுக்கு வருவாள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற கூலி. ஒரு நாள் வாய்தாவுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் செலவுக்குக் கைமாற்று வாங்கியிருப்பாள். தலைவருக்குப் போன் போட்டால் மீட்டிங்கில் இருப்பார்.

தலைவருடைய சொந்தப் பிள்ளை எங்கே? சென்னையில் பெரிய கல்லூரி, அப்புறம் மேல்படிப்புக்கு வெளிநாடு. அறைத்தோழன் எந்தச் சாதி என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டான். அவனை மட்டும் அவ்வளவு நல்லபடியாக வளர்த்திருக்கிறார். ஊர்ப் பையன் கையில் கயிறு, தன் பையன் கையில் ஆப்பிள் வாட்ச்.

அடுத்த தடவை பிளெக்ஸுக்குப் பணம் கேட்டு வரும்போது நான் கேட்கப் போவது இதைத்தான். தம்பி ஊருக்கு வந்திருந்தால் ஒரு நாள் அந்த வேன் கூரையில் ஏற்றி நிறுத்துங்கள், அண்ணாச்சி. கையில் அரிவாளைக் கொடுத்து ஒரு ரீல்ஸ் எடுத்துப் போடுங்கள். முதல் லைக் என்னுடையது. பிளெக்ஸ் செலவு முழுவதையும் நானே தருகிறேன்.